செற் மாற்றும் முன் வயரைப் பாருங்கள்

வாகன மின்வேலை: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாட்டு செற் பற்றியவை. காரணம் விளங்குகிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்த பிறகும் விலை கைக்கு எட்டவில்லை. அதனால் இருக்கிற வாகனத்துக்கே சீற் தைத்து, பெயின்ற் அடித்து, புது செற் போட்டு ஓடுகிறோம். கோண்டாவிலில் உள்ள என் வேலைக் கொட்டிலில் நான் தினமும் பார்ப்பதும் இதைத்தான். கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன். பெயர்களை விட்டுவிட்டேன்.

கேள்வி (நெல்லியடி): ஜப்பானில் இருந்து வந்த டொயோட்டா விற்ஸ் கார் வைத்திருக்கிறேன் அண்ணை. செற்றில் எல்லாம் ஜப்பான் எழுத்து. எஃப்.எம். 90க்கு மேல் போகாது. கடையில் ஒரு சின்னப் பெட்டி பூட்டினால் சரிவரும் என்கிறார்கள். அதைப் பூட்டவா, செற்றையே மாற்றவா?

தம்பி, உங்கள் செற்றில் பழுது எதுவும் இல்லை. அது தன் ஊர் வானொலிக்காகச் செய்யப்பட்டது. ஜப்பானில் எஃப்.எம். 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரை இருந்தது, பிறகு 95 வரை கூட்டினார்கள். எங்கள் நாட்டில் 87.5 முதல் 108 வரை. நாங்கள் கேட்கும் தமிழ் நிலையங்கள் 90க்கு மேலேதான் கிடக்கின்றன.

கடைக்காரர் சொல்லும் பெட்டிக்கு எக்ஸ்பாண்டர் என்று பெயர். அன்ரனா வயருக்கும் செற்றுக்கும் இடையில் அதைப் பூட்டுவார்கள். வருகிற அலைவரிசையில் ஒரு குறித்த எண்ணைக் கழித்துக் கீழே இறக்கித் தருவதுதான் அதன் வேலை. 14 கழிக்கும் பெட்டி என்றால் 103இல் வரும் நிலையம் உங்கள் செற்றில் 89இல் கேட்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். உங்கள் செற்றின் எஃப்.எம். அகலம் 14, எங்கள் நாட்டு அகலம் இருபதரை. எந்தப் பெட்டியைப் பூட்டினாலும் ஏதோ ஒரு பக்கம் வெட்டுப்படும். செலவுக்கு வழியில்லை என்றால் பெட்டி போதும். வழியிருந்தால் செற்றை மாற்றுங்கள்.

மாற்றும்போது அளவைக் கவனியுங்கள். வெளிச்சந்தையில் விற்கும் இரட்டை அளவு செற் 178 மில்லிமீற்றர் அகலம், 100 உயரம். டொயோட்டாவின் ஓட்டை அநேகமாக 200 மில்லிமீற்றர் அகலம். இரண்டு பக்கமும் வரும் இடைவெளிக்குப் பிளாஸ்ரிக் துண்டு தனியாகக் கிடைக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். டொயோட்டாவுக்கு 10 முள்ளும் 6 முள்ளுமாக இரண்டு சொக்கற் வரும். அதற்குப் பொருந்தும் மாற்றுச் சொக்கற்றும் மலிவு. அதை வாங்காமல் காரின் சொந்தச் சொக்கற்றை வெட்டி எறிந்து, வயரை முறுக்கி ரேப் சுற்றுபவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். எங்கள் வெயிலில் ரேப்பின் பசை ஒரு வருடத்தில் இளகிவிடும். பிறகு டாஷ்போட்டுக்குள் வெறும் செம்பு ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்கும்.

கேள்வி (சாவகச்சேரி, ஆசிரியை): புது செற் போட்டு மூன்று மாதம். வெள்ளி பின்னேரம் காரை நிறுத்தினால் திங்கள் காலை ஸ்ராட் வராது. பற்றரியை மாற்றியும் அதே கதை. செற் போட்டவர் பற்றரிதான் சரியில்லை என்கிறார்.

ரீச்சர், இன்னொரு பற்றரி வாங்கிவிடாதீர்கள். முதலில் ஒரு சின்னச் சோதனை. சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு செற்றின் பட்டனை அமத்துங்கள். செற் எரிகிறதா? எரிந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

செற்றின் பின்னால் வரும் வயர்களில் முக்கியமானவை மூன்று. கறுப்பு எர்த்துக்கு, அதாவது கரண்ட் திரும்பிப் போகும் காரின் தகரத்துக்கு. மஞ்சள் பற்றரியில் இருந்து எப்போதும் 12 வோல்ற் வாங்குவதற்கு. நேரத்தையும் நீங்கள் பதிந்துவைத்த நிலையங்களையும் ஞாபகம் வைத்திருப்பது அதுதான். சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் வரவேண்டிய வயர். சிவப்புக்குரிய இடத்தைத் தேடிப் பிடிக்க அரைமணி நேரம் ஆகும் என்று சிலர் சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். பாட்டுப் படிக்கும், நீங்களும் காசு கொடுத்துவிட்டு வந்துவிடுவீர்கள். ஆனால் கார் நின்ற பிறகும் செற்றின் உள்ளே ஒரு பகுதி விழித்தே இருக்கும்.

அது அரை அம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். வெள்ளி பின்னேரம் 5 மணியில் இருந்து திங்கள் காலை 7 மணி வரை 62 மணித்தியாலம். 31 அம்பியர் மணி போய்விடும். சின்னக் காரின் பற்றரி 35 அம்பியர் மணிதான். மிச்சம் இருப்பதில் மோட்டோரைச் சுற்றவே முடியாது. இப்படித் திரும்பத் திரும்ப வெறுமையாகும் ஈயப் பற்றரியின் தகடுகள் கெட்டுப்போகும். உங்கள் புதுப் பற்றரியும் அதனால்தான் களைத்திருக்கிறது.

சாவி இல்லாமல் செற் எரியவில்லை என்றால் மீற்றர் கொண்டு அளக்க வேண்டும். பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றி, அதற்கும் பற்றரி முனைக்கும் இடையில் மீற்றரைப் பூட்டி, 10 அம்பியர் துளையில் வைத்து அளப்பது. கதவுகளைப் பூட்டி அரைமணி நேரம் பொறுக்க வேண்டும். இந்தக் காலக் கார்களின் கணினிகள் அடங்குவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். 0.05 அம்பியருக்குள் நின்றால் நல்லது. கூட இருந்தால் பியூஸை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க, எதைக் கழற்றும்போது எண் விழுகிறதோ அங்கேதான் கள்ளன். மீற்றர் பூட்டியிருக்கும்போது மறந்தும் ஸ்ராட் செய்யக்கூடாது, மீற்றர் எரியும்.

இந்த அரை அம்பியர் கணக்கை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1990இல் போரால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் போனபோது எனக்கு 12 வயது. ரோர்ச் பற்றரியும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் இருந்து ரேடியோவுக்கு வயர் இழுத்து, இரவு 9.15க்கு பி.பி.சி. தமிழோசை கேட்போம். டைனமோ தருவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். அதை ஒரே திசையில் ஓடவைக்க நாலு டயோட் வேண்டும் என்று எங்கள் ஒழுங்கையில் ஒரு அண்ணை காட்டித் தந்தார். சுற்றுகிற கை சோர்ந்தால் செய்தி மங்கும். செய்தியைத் தவறவிடக் கூடாது என்று அம்மா வந்து கை மாறுவா. ஒரு துளி கரண்டும் யாரோ ஒருவரின் உழைப்பு என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

கேள்வி (உரும்பிராய்): டிவி செற் பூட்டினேன். கார் ஓடும்போது படம் நின்றுவிடுகிறது. கைப்பிரேக் வயரை எர்த்தில் பிடித்தால் ஓடும்போதும் தெரியும் என்கிறார்கள். எப்படிப் பிடிப்பது?

வழி எனக்குத் தெரியும். உங்களுக்கும் சொல்ல மாட்டேன், என்னிடம் வருபவர்களுக்கும் செய்து கொடுப்பதில்லை. ஓட்டுபவரின் கண் றோட்டில் இருக்க வேண்டும்.

கேள்வி (மானிப்பாய்): அப்பா விட்டுப்போன 1958 மொறிஸ் மைனர் இன்னும் ஓடுகிறது. வெளிநாட்டில் இருந்து வந்த மகன் புளூரூத் செற் ஒன்று கொண்டுவந்தான். உள்ளூரில் ஒருவர் பூட்டிப் பார்த்தார், வயரைத் தொட்டவுடன் பியூஸ் போனது. இந்தக் காருக்குப் புது செற் ஒத்துவராதா?

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். பெற்றோலுக்குத் தடை இருந்த போர்க்காலத்தில் கார்பரேற்றருக்குப் பெற்றோல் துளிவிட்டு ஸ்ராட் செய்து, மண்ணெண்ணெயில் ஓடி, ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளைக் கொண்டுபோன கார்கள் இவை. இதைத் தொடும்போது எனக்குத் தனி மரியாதை வரும்.

பியூஸ் போனதற்குக் காரணம் செற்றும் இல்லை, காரும் இல்லை. இன்றைய வாகனங்களில் பற்றரியின் நெகற்றிவ் முனைதான் பொடியோடு, அதாவது காரின் தகர உடம்போடு சேர்ந்திருக்கும். உங்கள் மொறிஸில் பொசிற்றிவ் முனை பொடியில் இருக்கிறது. அந்தக் காலப் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் அதுதான் வழக்கம். வந்தவர் வழக்கம்போலக் கறுப்பைப் பொடியில் பிடித்திருப்பார், செற்றுக்குள் கரண்ட் தலைகீழாகப் போயிருக்கும். சரி, வயரை மாற்றிப் பிடிக்கலாமே என்றால் அதுவும் ஆகாது. செற்றின் தகரக் கூடும் அன்ரனா வயரின் வெளிப்பின்னலும் நெகற்றிவ். கூட்டை டாஷ்போட்டில் பூட்டிய கணமே பொடியில் இருக்கும் பொசிற்றிவ்வோடு முட்டி ஷோட் ஆகும்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, செற்றைப் பொடியில் எங்கும் படாமல் ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து, வயரை மாற்றிப் பிடித்து, அன்ரனாவே இல்லாமல் புளூரூத்தில் மட்டும் கேட்பது. நடக்கும். ஆனால் பிறகு யாராவது தெரியாமல் ஒரு ஆணியை இறுக்கினால் அன்றோடு சரி. இரண்டாவது வழி, காரையே நெகற்றிவ் எர்த்துக்கு மாற்றுவது. அரை நாள் வேலை. வேண்டுமென்றால் திரும்பவும் பழையபடி மாற்றலாம், எதையும் வெட்டத் தேவையில்லை. நான் இதைத்தான் சொல்வேன்.

செய்யும் முறையைச் சொல்கிறேன், உங்கள் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பற்றரியைக் கழற்றித் திருப்பி வைக்க வேண்டும். பொசிற்றிவ் முனை கொஞ்சம் தடிப்பு என்பதால் பழைய கிளிப்புகள் பொருந்தாது, புதிதாக இரண்டு வாங்குங்கள். இக்னிஷன் கொயிலின் இரண்டு வயரையும் ஒன்றுக்கொன்று மாற்ற வேண்டும். முக்கியமானது டைனமோ. அதன் உள்ளிருக்கும் இரும்பு பழைய திசைக் காந்தத்தை இன்னும் ஞாபகம் வைத்திருக்கும். டைனமோவின் இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, பற்றரியின் பொசிற்றிவ்வில் இருந்து ஒரு தனி வயரை எடுத்து, 'எஃப்' என்று அடையாளமிட்ட சின்ன முனையில் இரண்டு மூன்று முறை தொட்டு எடுக்க வேண்டும். சின்னப் பொறி பறக்கும், பயப்பட வேண்டாம். காந்தத்தின் திசை மாறிவிடும். இதை மறந்து இஞ்சினை ஓடவிட்டால், டைனமோவின் சார்ஜை அளவாக வைக்கும் கொன்ரோல் பெட்டியின் முனைகள் எரிந்து ஒட்டிக்கொள்ளும். அதற்கு நல்ல பெட்டி இன்று கிடைப்பது அரிது. பெற்றோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. பழைய பொயின்ற் வைத்தது என்றால் எந்தத் திசையிலும் வேலை செய்யும். அண்மையில் புதிதாகப் போட்டது என்றால் அதன் மேல் எழுதியிருக்கும் திசையைப் பார்த்த பிறகே கரண்ட் கொடுங்கள். எல்லாம் முடிந்ததும் பொனற்றின் உள்பக்கம் 'நெகற்றிவ் எர்த்' என்று பெயின்ற்றால் எழுதுங்கள். அடுத்து வரும் மெக்கானிக் பழைய நினைப்பில் கை வைக்கக் கூடாது.

டைனமோ தருவது சுமார் 20 அம்பியர்தான், அதுவும் இஞ்சின் வேகமாக ஓடும்போது. இரவில் பெரிய லைற் போட்டால் அதில் பாதி போய்விடும். ஆகவே செற்றோடு நிறுத்துங்கள், சத்தம் கூட்டும் அம்ப் வேண்டாம். மகனிடம் ஒன்று சொல்லுங்கள்: அந்த டாஷ்போட்டில் ஓட்டை வெட்டக் கூடாது. நடுவில் மீற்றர், இரண்டு பக்கமும் பெட்டி என்று அந்த முகம் 1958இல் எப்படி வந்ததோ அப்படியே இருக்கட்டும். கீழே உள்ள தட்டின் அடியில் செற்றைத் தொங்கவிடலாம்.

கேள்வி (சுன்னாகம்): ஹயஸ் வான் வாடகைக்கு ஓடுகிறேன். கல்யாணம், கோயில் பயணம் என்று பெடியள் சத்தம் கேட்கிறார்கள். 1000 வற் அம்பும், அடித்தளச் சத்தத்துக்கு இரண்டு 12 அங்குல ஊபர் ஸ்பீக்கரும் போட எண்ணம். வயரிங்கை நானே செய்யலாமா?

பெட்டியில் எழுதியிருக்கும் வற்றை நம்ப வேண்டாம். நாலு ஸ்பீக்கருக்கும் தலா 50 வற் என்று எழுதிய செற்றைத் திருப்பிப் பாருங்கள், பின்னால் 10 அம்பியர் பியூஸ் இருக்கும். 14.4 வோல்ற்றை 10 ஆல் பெருக்கினால் 144. உள்ளே போவதே 144 வற் என்றால் 200 எப்படி வெளியே வரும்? நின்று நிலைக்கும் உண்மையான சக்தி ஒரு ஸ்பீக்கருக்கு 15, 20 வற். அம்ப் வாங்கும்போதும் அதன் பியூஸ்களைக் கூட்டிப் பார்த்தே முடிவெடுங்கள்.

உங்கள் அம்ப் உண்மையாகவே 500 வற் கொடுத்தால்கூட, வீணாகும் வெப்பத்தையும் சேர்த்து 60 அம்பியர் வரை இழுக்கலாம். அந்தக் கரண்ட் ஓடும் வயர் விரல் தடிப்பில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, பற்றரியில் இருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு பியூஸ். அந்தப் பியூஸ் அம்பைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்ற. அம்புக்குப் பக்கத்தில் பியூஸ் இருக்கிறது தானே என்று விட்டால், பற்றரிக்கும் அம்புக்கும் இடையிலான 12 அடி வயருக்கு ஒரு காவலும் இல்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண வான் ஆனையிறவு தாண்டி வரும்போது சீற்றுக்கு அடியில் புகைந்தது. பிறகு என்னிடம் கொண்டுவந்தார்கள். கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தேன். யாரோ இஞ்சின் அறைத் தகரத்தில் துளை போட்டு, றப்பர் வளையம் வைக்காமல் வயரை இழுத்திருக்கிறார்கள். றோட்டின் குலுக்கத்தில் தகர விளிம்பு வயரின் தோலை அறுத்துவிட்டது. பியூஸ் இல்லை. வயர் முழுதும் செந்தணலாகி, அதன் மேல் இருந்த கம்பளம் கருகியிருந்தது. அந்தச் சீற்றில் மூன்று பிள்ளைகள் இருந்தார்களாம். சாரதி உடனே நிறுத்தி எல்லோரையும் இறக்கி, பற்றரியைக் கழற்றியதால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கருகிய வயர்த் துண்டு இன்றும் என் கொட்டிலில் தொங்குகிறது. பியூஸுக்குச் செலவழிக்க யோசிப்பவருக்கு அதைக் காட்டுவேன்.

நீங்களே செய்யலாம், ஆனால் இந்த மூன்றும் வேண்டும்: தடித்த வயர், பற்றரியடியில் பியூஸ், தகரத் துளைக்கு றப்பர் வளையம். கரண்ட் வயர் ஒரு பக்கமாகவும் பாட்டு வரும் மெல்லிய வயர் மறுபக்கமாகவும் போகட்டும். சேர்த்து இழுத்தால் இஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு கீச்சுச் சத்தம் ஸ்பீக்கரில் வரும். அம்பின் எர்த்தைப் பெயின்ற் சுரண்டிய வெறும் தகரத்தில் இறுக்குங்கள்.

இன்னொன்று, தம்பி. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பி வந்தபோது எங்கள் எல்லோருக்கும் சந்தோசம். அதோடு சேர்ந்து கடவைகளும் வந்தன. காவலாளி இல்லாத கடவைகளில் எத்தனை பேரை இழந்திருக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். ஏ.சி. போட்டு, கண்ணாடி மூடி, இரண்டு ஊபர் அடித்தால் ரயிலின் ஹோர்ன் காதில் விழாது. 100 டெசிபல் சத்தத்தைக் காதுக்கு ஆபத்தில்லாமல் கேட்கக்கூடிய நேரம் 15 நிமிடம் என்பது தொழிற் சுகாதாரக்காரர் சொல்லும் அளவு. நீங்கள் கதிர்காமம் வரை ஓடுகிறீர்கள். ஊபர் ஒன்று போதும், அதையும் 10 அங்குலத்தில் எடுங்கள். சத்தம் குறைக்கும் குமிழ் உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், பெடியளின் கைக்கு எட்ட வேண்டாம். கடவை வந்தால் பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்குங்கள்.

கேள்வி (கொடிகாமம்): லொறியில் இரண்டு பற்றரி. ஒரு பற்றரியில் இருந்து மட்டும் 12 வோல்ற் எடுத்து செற் பூட்டியிருக்கிறேன். பிழையா?

பிழைதான். இரண்டும் தொடராகச் சேர்ந்து 24 வோல்ற் தருகின்றன, சார்ஜும் ஒன்றாகவே ஏறுகிறது. ஒன்றில் மட்டும் எடுத்தால் அது குறைந்துகொண்டே போகும், மற்றது அளவுக்கு மிஞ்சிச் சார்ஜ் ஏறிக் கொதிக்கும். இரண்டும் கெடும். 24ஐ 12 ஆக்கும் கன்வேற்றர் 10 அம்பியருக்கு ஒன்று வாங்கிப் பூட்டுங்கள்.

கேள்வி (காரைநகர்): பழைய காருக்கு நாலு ஸ்பீக்கர் நானே பூட்டினேன். நாலும் படிக்கிறது, ஆனால் பாட்டில் அடித்தளம் இல்லை, தகர டப்பா போல இருக்கிறது. ஸ்பீக்கர் கூடாதா?

ஸ்பீக்கரைக் குற்றம் சொல்ல முன் வயரைப் பாருங்கள் தங்கச்சி. ஒரு பக்க ஸ்பீக்கரில் கூட்டலும் கழித்தலும் மாறியிருக்கும். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும், தாழ்ந்த சுருதி இரண்டுக்கும் நடுவில் அழிந்துவிடும். செற்றின் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது ஒவ்வொன்றின் கழித்தல்.

வயரின் நிறம் மங்கி எது எதுவென்று தெரியாவிட்டால், செற்றின் பக்கம் ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, சுவர் மணிக்கூட்டில் இருக்கும் ஒன்றரை வோல்ற் பற்றரியை அதன் இரு முனையிலும் ஒரு கணம் தொடுங்கள். ஸ்பீக்கரின் கடதாசி வெளியே வந்தால் பற்றரியின் பொசிற்றிவ் பட்ட வயர்தான் கூட்டல். உள்ளே போனால் மற்றது. வயரில் சின்னத் துணி கட்டி அடையாளம் வைத்துக்கொண்டு நாலையும் பாருங்கள். பழைய கார்களில் நாலு ஸ்பீக்கரின் கழித்தலையும் பொடியில் பிடித்திருப்பார்கள். புது செற்றுக்கு அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் சிப் எரியும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு வயர் தனித்தனியாக வரவேண்டும்.

உங்கள் ஊர் கடற்கரை. மூட்டுகளை ஈயம் வைத்து ஒட்டி, சூடு காட்டினால் சுருங்கும் குழாய் போடுங்கள். பற்றரி முனையில் வஸ்லின் பூசுங்கள். உப்புக்காற்று பட்ட செம்பு ஆறு மாதத்தில் பச்சை பூத்துவிடும். அதற்குப் பிறகு நல்ல ஸ்பீக்கரும் கரகரக்கத் தொடங்கும்.